தெரிந்த கதைதான், ஆனால் அடி வலிக்கிறது

'இன்வின்சிபிள்' என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸை மறுபடியும் படித்து முடித்தேன். கதையைச் சொன்னாலே நண்பர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து வந்து பூமியைக் காக்கும் அப்பா, பள்ளியில் படிக்கும் மகன், ஒரு நாள் மகனுக்கும் அப்பாவின் ஆற்றல் வருகிறது. பர்கர் கடையில் பகுதி நேர வேலை பார்க்கும் பையன் குப்பைப் பையைத் தூக்கி எறிகிறான். அது வானத்தில் போய் மறைகிறது. 2003-இல் ராபர்ட் கிர்க்மன் இதைத் தொடங்கியபோதே இது பழகிய கதைதான்.

தெரிந்த கதை என்பது ஒரு குறையா? மதுரைக்காரர்களாவது அப்படிச் சொல்லக் கூடாது. ஆவணி மூலத்தில் பிட்டுத் தோப்புக்குப் போகும் கூட்டத்தில் கதை தெரியாதவர் யார்? வந்திக் கிழவியிடம் உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, வைகைக் கரையை அடைக்காமல் படுத்துறங்குகிறார் சிவன். பாண்டியன் பிரம்பால் ஓங்கி அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் விழுகிறது, ஊரார் எல்லார் முதுகிலும் விழுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ளவா ஆண்டுதோறும் போகிறோம்?

இந்தக் காமிக்ஸிலும் என்னைக் கட்டிப்போட்டது அடிதான். மற்ற சூப்பர் ஹீரோக்கள் கட்டடங்களை இடித்துத் தள்ளிவிட்டுத் தூசியைத் தட்டிக்கொண்டு எழுவார்கள். உள்ளே யார் இருந்தார்கள் என்று கதை கேட்காது. இங்கே கேட்கிறது. முதல் ஆறு இதழ்களில் எல்லாம் பளிச்சென்ற வண்ணங்கள், வீட்டுச் சாப்பாட்டு மேசை, பள்ளிக்கூடப் பேச்சு. ஏழாவது இதழில் அப்பா தன் சக வீரர்களைக் கொன்று குவிக்கிறார். வண்ணங்கள் மட்டும் அதே பளிச். வயிற்றைப் பிசைவது அதுதான்.

எட்டாம் இதழிலிருந்து ஓவியர் ரயன் ஓட்லி. அப்பாவும் மகனும் மோதும் பக்கங்களை அவர் வரைந்திருப்பதைப் பாருங்கள். பையனின் பற்கள் உடைகின்றன, முகம் உருக்குலைகிறது, இடையில் அகப்பட்ட அப்பாவி மக்கள் சாகிறார்கள். ஐந்நூறு ஆண்டுகள் கழித்து உனக்கென்று என்ன மிஞ்சும் என்று அப்பா கத்துகிறார். நீங்கள் இருப்பீர்களே அப்பா என்கிறான் பையன். ஓங்கிய கை இறங்கவில்லை. கண்ணீரோடு பூமியை விட்டே பறந்துவிடுகிறார். அத்தனை இரத்தமும் இல்லாமல் அந்த ஒரு பதிலுக்கு இவ்வளவு கனம் வந்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

144 இதழ்களும் இப்படியே என்று சொல்ல மாட்டேன். பிற்பகுதியில் குடல் சரிவது வாடிக்கையாகிவிடுகிறது. சில போர்களை வேகமாகப் புரட்டினேன். குழந்தைகள் கையில் கொடுக்கவும் கூடாது.

1972-இல் இரும்புக்கை மாயாவி காமிக்ஸைத் தமிழுக்குக் கொண்டுவந்த சிவகாசி நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அன்று அதைப் படித்த சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். அட்டையில் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று அச்சிட்டு, இதையும் நல்ல தாளில், முழு வண்ணத்தில் தமிழில் கொண்டுவர யாராவது முன்வர வேண்டும். சந்தா கட்ட நான் தயார்.