12-8-6 என்பது 12.86 அல்ல

பழைய நாளிதழில் 'ரூ. 12-8-6' என்றிருக்கும் விலையை ஒரு கட்டுரையாளர் 12.86 ரூபாய் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கோடுகள் தசமப் புள்ளி இல்லை சார். ரூபாய், அணா, பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை (நம்மூரில் தம்பிடி), ஆக 192 பை. அணாவை 12-ஆல் பெருக்கி, பையைக் கூட்டி, 192-ஆல் வகுங்கள்: 102/192, அதாவது சுமார் 0.53. இதை 12 ரூபாயோடு கூட்டினால் விடை சுமார் 12.53.

ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற தசம முறை வந்த 1957 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய இதழ்களில் இன்னொரு குழப்பம். ஓரணா 6.25 நயா பைசா. சில்லறை கொடுக்கும்போது 6 ஆக்கினார்கள், மூன்றணாவை 19 ஆக்கினார்கள். அதனால் ஓரணாச் சரக்கு மூன்று வாங்கினால் கூட்டுத்தொகை இடிக்கும். அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

தங்க விலையில் அளவையும் பாருங்கள். பழைய எடை அளவான தோலா 11.66 கிராம், இன்றைய சவரன் 8 கிராம். மாற்றிப் படித்தால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பிசகும்.