ஷாக் வச்ச சைக்கிள் வேணாம், டயரைப் பாருங்க

போன வாரம் எதிர்வீட்டு அண்ணன் பையனுக்கு கியர் சைக்கிள் பார்க்கணும்னு என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். பத்தாவது முடிச்ச பையன். கடைக்குள்ள நுழைஞ்சதுமே முன்னாடியும் பின்னாடியும் ஷாக் அப்சார்பர் வச்ச ஒரு வண்டிகிட்ட போய் நின்னுட்டான். 11,000 சொச்சம் விலை. ஹேண்டிலைப் பிடிச்சு அமுக்குனான், பஞ்சு மாதிரி இறங்கி ஏறுச்சு. "சூப்பரா இருக்குல்ல சித்தப்பா?"ன்னு கேட்டான். அந்த மூஞ்சியைப் பார்த்து வேணாம்னு சொல்ல மனசு வரல. இருந்தாலும் சொன்னேன். கடையில நின்னுக்கிட்டு காரணத்தை முழுசா விளக்க முடியல. அதனால இங்க எழுதுறேன்.

2017-ல நான் வாங்கின முதல் எம்டிபியும் (மலை சைக்கிள்) இதே ரகம்தான். கடலூர் மஞ்சக்குப்பத்துல வீடு, தேவனாம்பட்டினம் கடல் கிட்டத்துலயே. ஐப்பசி, கார்த்திகை மழையில வண்டியை மாடிப்படிக்கு அடியில நிறுத்தி வச்சிருந்தேன். பொங்கலுக்கு வெளியில எடுத்து, முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஷாக் வச்ச ஃபோர்க்கை அமுக்கினா அசையல. ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தேன். பளபளன்னு இருந்த குழாய் மேல அம்மைத் தழும்பு மாதிரி துரு. பலம் போட்டு இன்னொரு தரம் அமுக்கினதும் சீல் ஓரமா டீத்தண்ணி நிறத்துல ஒழுகுச்சு. வாங்கின கடைக்கே கொண்டுபோனேன். "இதைப் பிரிச்சு வேலை பார்க்க முடியாது சார், மாத்தணும்"னுட்டாங்க. மாத்துற செலவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்தா ஒரு நல்ல சாதா சைக்கிளே வாங்கிடலாம்.

ஷாக்கே தப்புன்னு நான் சொல்லல. காத்து அடைச்சு நம்ம எடைக்குத் தகுந்த மாதிரி வச்சுக்கிற நல்ல ஃபோர்க்குக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு. ஆனா அந்த ஃபோர்க் மட்டுமே இந்த 11,000 வண்டியை விட விலை கூட வரும். விலை குறைஞ்ச வண்டியில வர்றது இரும்புக் குழாய்க்குள்ள ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். அது ஒண்ணே 2 கிலோவுக்குக் குறையாது. அந்த எடையையும் சேர்த்து மிதிக்கிறது பையனோட கால்தான். பின்னாடியும் ஷாக் இருந்தா, மேட்டுல ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் பலத்தை அந்த ஸ்பிரிங் முழுங்கிடும்.

மலை சைக்கிள்னா ஷாக் இருந்தே ஆகணும்னு நாம நினைக்கிறோம். 1970-கள்ல கலிஃபோர்னியாவோட மரின் கவுண்டியில இந்த விளையாட்டை ஆரம்பிச்சவங்க பழைய தடிச்ச டயர் சைக்கிள்லதான் மலையை விட்டு இறங்குனாங்க. ஷாக்கே கிடையாது. பெடலைப் பின்பக்கமா மிதிச்சா பிடிக்கிற பிரேக். இறங்கி முடிக்கிறதுக்குள்ள பின் சக்கரத்து நடுவுல இருக்கிற ஹப்புல இருந்த கிரீஸ் புகையா போயிடும், ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் புது கிரீஸ் அடைக்கணும். அதனாலயே 1976-ல அங்க தொடங்குன பந்தயத்துக்கு 'ரீபேக்'னே (திரும்ப அடைக்கிறது) பேரு வந்துச்சு. ராக்‌ஷாக்ஸ் கம்பெனி முதல் ஷாக் ஃபோர்க்கை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1989-லதான்.

நாம ஓட்டுற இடத்தையும் பாருங்க. கேப்பர் மலைச் சரிவு, பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள்ள போற வண்டித்தடம், ஆரோவில் சுத்தி இருக்கிற செம்மண் பாதை. எங்கயும் ஆள் உயரத்துக்குக் குதிச்சு இறங்குற பாறை கிடையாது. நமக்கு இருக்கிறது இறுகின செம்மண் மேல உருளுற சரளைக்கல், மரத்து வேர், திடீர்னு வர்ற மணல். இதைச் சமாளிக்கிறது டயரும் அதுல இருக்கிற காத்தும்தான்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல பிடிச்சா கல்லு மாதிரி ஏத்தி விட்டுடுவாங்க. அப்படியே சரளையில இறங்கினா டயர் ஒவ்வொரு கல்லுலயும் துள்ளும், பிடிக்காது. என் எடை 68 கிலோ. 2.1 அங்குல டயர்ல செம்மண்ணுக்கு முன்னாடி 28, பின்னாடி 32 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) வைக்கிறேன். ஈசிஆர்ல பாண்டி வரைக்கும் போறதுன்னா 45. இதைவிட ரொம்பக் குறைச்சா வேர் மேல ஏறும்போது ரிம் ட்யூபைக் கடிச்சிடும், பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும். டயர் ஓரத்துல அச்சடிச்சிருக்கிற காத்து அளவையும் பாருங்க. மீட்டர் வச்ச கைப்பம்பு ஒண்ணு வாங்கிடுங்க, வேற எதுக்குச் செலவு பண்றதுக்கும் முன்னாடி.

சைஸ் விஷயத்துல விட்டுக்கொடுக்காதீங்க. "வளர்ற பையன், பெருசாவே எடுங்க"ன்னு சொல்வாங்க. சீட்டுக்கு முன்னாடி ரெண்டு காலும் தரையில பட நிக்கணும், அப்போ நடுக்கம்பிக்கும் உடம்புக்கும் நடுவுல குறைஞ்சது ரெண்டு அங்குலம் இடைவெளி இருக்கணும். சீட் உயரத்துக்கு, குதிகாலை பெடல்ல வச்சு அடிவரைக்கும் இறக்குங்க, முட்டி மடங்காம கால் நேரா நின்னா அதுதான் உங்க உயரம். நம்ம ஊர்ல பாதிப் பேருக்கு முட்டி வலிக்கிறது சீட்டைத் தாழ வச்சு ஓட்டுறதாலதான்னு நான் உறுதியா நம்புறேன்.

21 கியருக்கும் மயங்காதீங்க. முன்னாடி 3, பின்னாடி 7, பெருக்கினா 21. அதுல பல கியர் ஒண்ணுக்கொண்ணு கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

அடுத்தது உப்பு. கடல் காத்து இருக்கிற ஊர்ல சைக்கிள் சும்மா நின்னாலே தேயும். செயின்ல எண்ணெயைக் கொட்டி வச்சா, செம்மண் தூள் அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி பல்லை அராவிடும். நான் பண்றது இதுதான்: பழைய டூத் பிரஷ், கொஞ்சம் டீசல், ஒரு துணி. செயினைத் துடைச்சுக் காயவிட்டு, ராத்திரி ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. காலையில வெளிப்பக்கம் முழுக்கத் துடைச்சிடுவேன். எண்ணெய் வேண்டியது உள்ள, வெளியில இல்ல. வாட்டர் சர்வீஸ்ல குடுத்துப் பீய்ச்சி அடிக்க விடாதீங்க, தண்ணி பேரிங் உள்ள போயிடும். வாளியும் மக்கும் போதும்.

செயின் தேஞ்சிருக்கான்னு தெரிஞ்சுக்க பிள்ளைங்க ஸ்கேலே போதும். ஒரு ஆணியோட நடுவுல இருந்து எண்ணினா புது செயின்ல 24 கண்ணி சரியா 12 அங்குலம் வரும். அதுக்கு மேல ஒரு அங்குலத்துல பதினாறுல ஒரு பங்கு நீண்டிருந்தா மாத்திடுங்க. தள்ளிப்போட்டா பின்னாடி இருக்கிற பல் சக்கரமும் சேர்ந்து போயிடும், செலவு ரெண்டு மடங்கு.

சீட் தண்டை வருஷத்துக்கு ரெண்டு தடவை உருவி கிரீஸ் தடவுங்க. இரும்பு ஃபிரேமுக்குள்ள அலுமினியத் தண்டு, நடுவுல உப்பு ஈரம். ரெண்டும் ஒட்டிப் பிடிச்சிடும். அப்புறம் குழாய் ரென்ச்சு போட்டு முறுக்கினாலும் வராது, தேவனாம்பட்டினத்துல ஒரு நண்பர் கடைசியில தண்டை அறுத்துத்தான் எடுத்தார்.

அண்ணன் பையனுக்கு, முன்னாடி ஷாக் இல்லாத சாதா ஃபோர்க் வச்ச ஒரு 27.5 அங்குல சக்கர வண்டியை எடுத்தோம். மிச்சக் காசுல ஹெல்மெட், பம்பு, ஒரு உபரி ட்யூப். ரெண்டு நாள் பையன் என்கிட்ட சரியாப் பேசல. ஞாயித்துக்கிழமை கேப்பர் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போய், இறக்கத்துக்கு முன்னாடி அவன் டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கி விட்டேன். ஒரு தடவை இறங்கினான். கீழ போய் நின்னவன் வண்டியைத் திருப்பிக்கிட்டு, "இன்னும் ரெண்டு பாயிண்ட் இறக்கிப் பார்க்கலாமா சித்தப்பா?"ன்னு கேட்டுக்கிட்டே மேல மிதிச்சு வந்தான்.