தலை திரும்பினது அந்தக் கையாலதானா?

எந்த வீடியோ என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வளைகாப்புப் பந்தலுக்குப் பின்னால் பாயை விரித்து, ஏழு மாதக் கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒரு அம்மா வயிற்றில் எண்ணெய் ஊற்றி, உள்ளே பிள்ளையைத் திருப்புவதாக இரண்டு கையாலும் பிசைய, "பத்தே நிமிஷத்தில் தலை கீழ வந்துட்டு" என்று போட்டிருந்தீர்களே, அதுதான். ஒரே ராத்திரியில் பர்மாவில் ரங்கூனிலிருந்து மோல்மீன் வரை நம் ஆட்கள் எல்லார் போனுக்கும் வந்துவிட்டது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். "அந்த அம்மா நம்பர் கிடைக்குமா?" என்று விசாரிப்புகள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "ஆஸ்பத்திரிக்காரங்க பாத்துக் கத்துக்கணும்" என்று எழுதியிருக்கிறார்.

பார்த்தேன். கற்றுக்கொண்டேன். இப்போது பிரசவ வார்டு ஆள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

வயிற்றை அமுக்காதீர்கள்.

ஏழாம் மாத வளைகாப்பு என்றால் ஏறக்குறைய 28 முதல் 32 வாரம். 28 வாரத்தில் நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்குத் தலை மேலேதான் இருக்கும். மாதம் நிறையும்போது பார்த்தால் நூற்றுக்கு மூன்று நான்குதான் அப்படி நிற்கும். மீதி எல்லாம் யார் கையால் திரும்பியது? யார் கையும் படவில்லை. உள்ளே தண்ணீரும் இடமும் இருக்கிறது, பிள்ளை உதைத்துக்கொண்டு தானாகத் திரும்புகிறது. அந்தப் பெண்ணை நாலு வாரம் சும்மா விட்டிருந்தாலும் பெரும்பாலும் இதுவேதான் நடந்திருக்கும். வீடியோ எடுக்கத்தான் எதுவும் இருந்திருக்காது.

சரி, திரும்பிவிட்டது என்று யார் பார்த்தது? ஸ்கேன் எடுத்தீர்களா? தொட்டுப் பார்ப்பதற்கே ஒரு முறை உண்டு. முதலில் ஒன்றுக்குப் போய்வரச் சொல்ல வேண்டும். மேல் வயிற்றில் கை வைத்து அங்கே இருப்பது தலையா புட்டமா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பக்கமும்: எங்கே முதுகு, எங்கே கை கால். பிறகு கீழ் வயிறு. கடைசியாக அவள் கால் பக்கம் பார்த்துத் திரும்பி நின்று, இடுப்பெலும்புக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று. தலை கெட்டியாக, உருண்டையாக இருக்கும், லேசாகத் தட்டினால் அது மட்டும் தனியாக ஆடும். புட்டம் மெத்தென்று இருக்கும், அசைத்தால் உடம்பும் கூடவே வரும். நஞ்சுக்கொடி முன்பக்கம் ஒட்டியிருந்தாலோ தண்ணீர் அதிகம் இருந்தாலோ பழகின கையே தடுமாறும். அதனால்தான் சந்தேகம் வந்தால் ஸ்கேன். அதோடு, 30 வாரத்தில் திருப்பிய பிள்ளை அன்று ராத்திரியே பழையபடி திரும்பிக்கொள்ளும். அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை.

"ஆஸ்பத்திரியிலயும் கையாலதானே திருப்புறாங்க? நீங்க செஞ்சா வைத்தியம், நாங்க செஞ்சா குத்தமா?" இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். நியாயமான கேள்விதான். கேளுங்கள்.

முதல் பிரசவம் என்றால் 36 வாரத்துக்குப் பிறகு, அடுத்தடுத்த பிரசவம் என்றால் 37க்குப் பிறகுதான் திருப்புவார்கள். அதற்கு முன்னால் திருப்பினால் மறுபடி புரளும். அதைவிட முக்கியம், ஏதாவது விபரீதமானால் பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு அது முற்றியிருக்க வேண்டும். முதலில் ஸ்கேன்: நஞ்சுக்கொடி எங்கே, தண்ணீர் எவ்வளவு, தலை எந்தப் பக்கம். பிறகு இருபது நிமிடமாவது பிள்ளையின் இதயத் துடிப்பை மெஷினில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். கர்ப்பப்பை இளக டெர்பியூட்டலின் ஊசி, 250 மைக்ரோகிராம், தோலுக்கடியில். ஒரு கை இடுப்பெலும்பிலிருந்து புட்டத்தைத் தூக்கும், இன்னொரு கை தலையை வளைத்துக் குட்டிக்கரணம் போடுகிற மாதிரி நகர்த்தும். முன்பக்கம் போகவில்லையென்றால் பின்பக்கம் ஒரு முறை. நடுநடுவே துடிப்பைப் பார்ப்பார்கள். அவள் "வலிக்குது, நிறுத்துங்க" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்கள். முடிந்ததும் மறுபடி மெஷின். ஆர்எச் நெகட்டிவ் ரத்தம் என்றால், பிள்ளையின் ரத்தம் கலந்து கேடு வராமலிருக்க ஆன்டி-டி ஊசி. பக்கத்தில் ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருக்கும். ஏனென்றால் இருநூறில் ஒருவருக்கு அப்போதே ஆபரேஷன் தேவைப்படும். இவ்வளவு செய்தும் பாதிப் பேருக்குத்தான் திரும்புகிறது. சமீபத்தில் ரத்தம் போன பெண்ணுக்கும், நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக் கிடக்கிறவளுக்கும், பனிக்குடம் உடைந்தவளுக்கும் அந்தக் கையைக்கூட வைக்கமாட்டார்கள்.

உங்கள் வீடியோவில் இதில் எது இருந்தது? எண்ணெய் இருந்தது.

அமுக்கினால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரிலிருந்து பிரியலாம். பிரிந்தால் ரத்தம் வெளியே வர வேண்டும் என்றில்லை, உள்ளேயே தேங்கும். வயிறு பலகை மாதிரி இறுகும், வலி விடாது, பிள்ளை அசைவு நிற்கும். முன்னால் ஆபரேஷன் செய்த வயிறு என்றால் பழைய தழும்பு விட்டுப்போகலாம். "லேசாத்தான் தடவினோம்" என்பார்கள். பிசைவதை வீடியோவில் பார்த்தேன், அது தடவல் இல்லை.

பாட்டி காலத்தில் இப்படித்தான் செய்தார்கள் என்பவர்களுக்கு: பாட்டி எத்தனை பெற்றார், எத்தனை வளர்ந்தது என்று அவரிடமே கேளுங்கள். அவ்வளவுதான்.

எனக்கு லெத்தேக்கள், அதாவது ஊர் மருத்துவச்சிகள் மேல் கோபம் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. பெகு பக்கம் ஒரு வயதான லெத்தே இருக்கிறார். உள்ளங்கையைத் தட்டையாக வைத்துப் பார்ப்பார், விரல் நுனி அழுந்தாது. குறுக்கே கிடக்கிறது என்று தோன்றினால் அன்றே சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அந்தக் கைக்கு என் மரியாதை எப்போதும் உண்டு. ஆனால் அவருக்கு வீடியோ கிடையாதே, யார் நம்பர் கேட்பார்?

"ஆஸ்பத்திரி தூரம், செலவு, 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ராத்திரியில் வெளியே போகவே பயம்." இது உண்மை. இதை நான் தட்டிப் பேசமாட்டேன். ஆனால் யோசியுங்கள், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாத ஊரில்தானே ராத்திரியில் ரத்தம் போகிற மாதிரி எதையும் செய்யக்கூடாது?

அப்ப வீட்டில் செய்ய ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, பிள்ளையைத் திருப்பிவிடும் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் எதற்கும் எண்ணெய் வேண்டாம். உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கட்டும். நம் டீக்கடைக் குட்டை பிளாஸ்டிக் முக்காலியும் குழிவிழுந்த சோபாவும் நேர் எதிர்: முழங்கால் மேலே, இடுப்பு கீழே, முதுகு பின்னால் சரிவு. உயரமான நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்காருங்கள், அல்லது நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதுகுச் சட்டத்தைக் கட்டிக்கொள்ளுங்கள். 28 வாரத்துக்கு மேல் மல்லாந்து தூங்க வேண்டாம். இடமோ வலமோ ஒருக்களித்து, முழங்கால் நடுவில் தலையணை.

தலை கீழேதான் இருக்கிறது, ஆனால் பிள்ளையின் முதுகு அம்மாவின் முதுகோடு சேர்ந்திருக்கிறது என்றால் தொப்புளைச் சுற்றிக் குழி விழும், உதை எல்லாம் நடுவயிற்றில் தெரியும், வலி இடுப்புப் பின்பக்கம் பிளக்கும். பயப்பட வேண்டாம். வலி தொடங்கும்போது நூற்றில் 15 முதல் 30 பிள்ளைகள் அப்படி இருக்கும், பிறக்கும்போது ஐந்துதான் அப்படியே வரும். வலியோடு கை கால் ஊன்றி நில்லுங்கள், முதுகுவலி குறையும். ஒரு காலை உறுதியான நாற்காலியில் வைத்து, வலி வரும்போது அந்தப் பக்கம் மெதுவாகச் சாய்ந்து ஆடுங்கள், நாலைந்து வலிக்குப் பிறகு கால் மாற்றுங்கள், பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். படுக்கத்தான் முடியும் என்றால் ஒருக்களித்து, இரண்டு தலையணையைக் கைலியில் சுருட்டிக் கட்டி முழங்கால் நடுவில் வையுங்கள். இரண்டு மணிக்கொரு முறை ஒன்றுக்குப் போங்கள், நிறைந்த மூத்திரப்பை தலையை இறங்கவிடாது. இந்த நிலையில் சீக்கிரமே முக்க வேண்டும் போலிருக்கும். கர்ப்பப்பை வாய் முழுசாகத் திறக்காமல் முக்கினால் அது வீங்கிக்கொள்ளும், இன்னும் தாமதம்.

இங்கேதான் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது. இதை எல்லாம் சொன்னால் உடனே சிலர் அதையே கம்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கோயில் அன்னதானத்தில், ஆபரேஷனில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணை உட்காரவைத்து ஒரு பெரியம்மா சொல்கிறார்: "குனிஞ்சு நிமிர்ந்து வேலை செஞ்சிருந்தா தலை இறங்கியிருக்கும். எங்க, எந்நேரமும் போன்." அந்தப் பெண் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தையல் போட்டு நாற்பது நாள்கூட ஆகவில்லை.

பெரியம்மா, 2004இல் ஆஸ்திரேலியாவில் 2500க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துப் பார்த்தார்கள். பாதிப் பேர் கடைசி வாரங்களில் தினம் இருமுறை, பத்துப் பத்து நிமிடம், கை கால் ஊன்றி இடுப்பை ஆட்டினார்கள். பிறக்கும்போது முதுகு அம்மாவின் முதுகுப் பக்கமாக, முகம் மேலே பார்த்த பிள்ளைகளின் கணக்கில் இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை. தரை துடைத்தால் தரைதான் சுத்தமாகும். தலை மேலேயே நிற்பதற்குக் காரணம் கர்ப்பப்பைக் கட்டியாக இருக்கலாம், கர்ப்பப்பையின் அமைப்பாக இருக்கலாம், கீழே கிடக்கும் நஞ்சுக்கொடியாக, தண்ணீர் கூடினதாகக் குறைந்ததாக இருக்கலாம், பலமுறை பெற்றுத் தளர்ந்த வயிறாக இருக்கலாம். பல நேரம் காரணமே தெரியாது. மருமகளின் போன் அந்தப் பட்டியலில் இல்லை.

பிள்ளை திரும்பினால் கை வைத்தவளின் கைராசி. திரும்பாவிட்டால் பெற்றவளின் சோம்பல். ஆபரேஷன் செய்தால் டாக்டரின் பணத்தாசை. நல்ல கணக்கு. விடிய விடியத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நர்சு இந்தக் கணக்கில் எங்கேயும் வரமாட்டாள்.

வீடியோ போட்ட தம்பி, அந்தப் பெண்ணின் வீட்டில் சொல்லிவிடுங்கள். 36 வாரம் ஆனதும் ஒரு ஸ்கேன். தலை மேலேயோ குறுக்கேயோ இருக்கும்போது பனிக்குடம் உடைந்தால் நடக்கவிடாதீர்கள், தொப்புள்கொடி முன்னால் வந்துவிடலாம். முழங்காலும் நெஞ்சும் தரையில், இடுப்பு மேலே, வண்டியில் ஒருக்களித்து இடுப்புக்கடியில் தலையணை. கொடி வெளியே தெரிந்தால் கையால் உள்ளே தள்ளாதீர்கள். இந்த வாரமே ரத்தம் பட்டாலும், வயிறு இறுகிக்கொண்டே போனாலும், அசைவு குறைந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போனதும் முதல் வார்த்தையாக "வயித்த அமுக்கினோம்" என்று சொல்லுங்கள், மறைக்காதீர்கள். திட்டுவார்கள். திட்டட்டும்.