வரிசையில் நிற்கவா இவ்வளவு பணம்?

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கே போனாலும் கூட்டம்தான். அரையாண்டுத் தேர்வு முடிந்து மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் பள்ளி விட்டிருக்கிறது, நடுவில் கிறிஸ்துமஸ், கடைசியில் புத்தாண்டு. வண்டலூரில் கூட்டம், மாமல்லபுரத்தில் கூட்டம், மெரினாவில் மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. கடலை யாரும் எனக்கு டிக்கெட் போட்டு விற்கவில்லை.

என் கோபம் தீம் பார்க் மீது. அங்கே கூட்டம் தானாக வந்து சேர்வதில்லை. தலைக்கு இவ்வளவு என்று விற்று, கையில் பட்டை கட்டி, எண்ணி எண்ணி உள்ளே அனுப்பி அவர்களே உண்டாக்கும் கூட்டம் அது. உண்டாக்கிவிட்டு, அதே கூட்டத்தைக் காட்டி, அதிலிருந்து தப்பிக்க இன்னொரு டிக்கெட்டும் விற்கிறார்கள். இதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

சென்னைக்கு வெளியே ஒரு பார்க். பெயர் வேண்டாம். நாங்கள் ஐந்து பேர்: நான், அவர், பெண், பையன், அத்தை. முன்கூட்டியே ஆன்லைனில் டிக்கெட் எடுத்தோம். சாதாரண நாளுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை, 'பீக் சீசன்' என்று இந்த வாரத்துக்கு மட்டும் ஒரு விலை. சரி, விமானம், ஆம்னி பஸ் எல்லாம் இப்படித்தானே என்பீர்கள். ஆம்னி பஸ்ஸில் கூடுதலாகக் கொடுத்தால் உட்கார ஒரு சீட் நிச்சயம். இங்கே கூடுதலாகக் கொடுத்தவர்களுக்குக் கிடைப்பது சாதாரண நாளில் வருகிறவனுக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை. எந்த நாளில் சரக்கு மட்டமோ அந்த நாளில்தான் விலை அதிகம்!

அத்தைக்கு முழங்கால் வலி. ரைடு பக்கமே போகமாட்டார். மரத்தடியில் உட்கார்ந்து பைகளைக் காப்பதற்கு அவருக்கு முழு டிக்கெட். மூத்த குடிமக்கள் சலுகை உண்டாம், ஆனால் விடுமுறை நாட்களில் செல்லாதாம். பேரப்பிள்ளைகளோடு பாட்டி வருவதே விடுமுறையில்தானே, வேறு என்றைக்கு அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்தது உயரம். வயதைக் கேட்பதில்லை, சுவரில் வரைந்த கோட்டின் பக்கத்தில் நிறுத்தி அளக்கிறார்கள். பெண் ஏழாம் வகுப்புதான், 140 செ.மீ. கோட்டை ஒரு விரல் அளவு தாண்டிவிட்டாள், அதனால் பெரியவர் டிக்கெட். பையன் 112 செ.மீ. அவனுக்குக் குழந்தை டிக்கெட், அதுவும் பெரிய தள்ளுபடி ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் நல்ல ரைடு எல்லாவற்றின் வாசலிலும் 120, 140 என்று பலகை. பாதுகாப்புக்காக வைத்த உயரம், அதில் எனக்குத் துளியும் சண்டை இல்லை. பூட்டுக்குள் அடங்காத குழந்தையை ஏற்றக் கூடாதுதான். ஆனால் அவனால் ஏற முடியாத ரைடுகளுக்கும் சேர்த்து ஏன் அவனிடம் வசூலிக்கிறீர்கள்? காசு வாங்கும்போது பெரியவன், ரைடு ஏறும்போது சின்னவன். அவன் அன்றைக்கு முழுக்கச் சுற்றியது மழலைகளுக்கான அந்தச் சின்ன ரயிலிலும், வாத்துப் படகிலும். எங்கள் ஏரியா அம்மன் கோயில் திருவிழாவில் ஐம்பது ரூபாய்க்கு இதைவிட வேகமாகச் சுற்றுவார்கள்.

வாசலில் பை சோதனை. அத்தை விடியற்காலையில் எழுந்து கட்டிய புளியோதரை வெளியே போய்விட்டது. "வெளிச் சாப்பாடு அலவ்டு இல்லம்மா." தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார்கள். திரையரங்குகள் வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது எனக்கும் தெரியும். அதே வழக்கில்தான் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தரவேண்டும் என்பதும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் உணவு கொண்டுவரலாம் என்பதும் பேசப்பட்டன. அதுவும் மூன்று மணி நேர சினிமாவுக்கு. காலை பத்து முதல் மாலை ஆறு வரை பிள்ளைகளோடு இருக்கவேண்டிய இடத்தில் இலவசத் தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டால், கழிப்பறைக்குப் பின்னால் கை நீட்டுகிறார்கள். மூன்று குழாயில் ஒன்றில்தான் தண்ணீர் வந்தது.

உள்ளே சாப்பாடு பற்றி நீட்டப் போவதில்லை. பிசுபிசுத்த ஃபிரைடு ரைஸ், அதற்கு நட்சத்திர ஓட்டல் விலை. கல்யாணப் பந்தியில் போல, சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அவர்கள் கை கழுவ எழுவார்களா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். டோக்கன் வாங்க ஒரு வரிசை, சாப்பாடு வாங்க ஒரு வரிசை.

வரிசைக்கு வருகிறேன். அதுதான் விஷயமே.

ஒரு ரைடு, 24 பேர் உட்காரலாம் என்று வையுங்கள். ஆட்களை ஏற்றுவது, பெல்ட் போடுவது, ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்ப்பது, மூன்று நிமிடம் சுற்றுவது, இறக்குவது, எல்லாம் சேர்த்து எப்படியும் ஆறு நிமிடம் ஆகும். மணிக்குப் பத்துச் சுற்று, 240 பேர். வரிசையில் 400 பேர் நின்றால் கடைசி ஆளுக்கு 1 மணி 40 நிமிடம். இந்தக் கணக்கு போட எஞ்சினியரிங் படிக்கவேண்டியதில்லை. வரிசையில் நின்றபடி என் ஏழாம் வகுப்புப் பெண் போட்டது. அப்படியானால் பார்க் நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ரைடும் மணிக்கு எத்தனை பேரைத் தாங்கும் என்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. மொத்த ரைடுகளையும் கூட்டினால் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்தால் ஆளுக்கு எத்தனை ரைடு கிடைக்கும் என்று டிக்கெட் விற்பதற்கு முன்பே சொல்லிவிடலாம். தெரிந்தேதான் விற்கிறார்கள். கைப்பட்டையில் மட்டும் பெரிய எழுத்தில் 'அன்லிமிடெட் ரைட்ஸ்'.

இப்போது ஃபாஸ்ட் டிராக். ஏறக்குறைய இன்னொரு டிக்கெட் அளவுக்குப் பணம் கட்டினால் வேறு நிறத்தில் பட்டை, வேறு வழி, நேராக முன்னால் போகலாம். அதே 24 இருக்கையில் எட்டை இவர்களுக்கு ஒதுக்கினால் மீதி 16. மணிக்கு 160 பேர். அதே 400 பேர் வரிசையில் கடைசி ஆள் இப்போது இரண்டரை மணி நேரம் நிற்கவேண்டும். 50 நிமிடம் கூடிவிட்டது. பார்க் புதிதாக ஒரு இருக்கை போடவில்லை, ஒரு ரைடு வாங்கவில்லை, ஒரு ஆளைக் கூடுதலாக வேலைக்கு எடுக்கவில்லை. என் பிள்ளையிடமிருந்து 50 நிமிடத்தை எடுத்து, பக்கத்து வழியில் போகிறவருக்கு விற்றது, அவ்வளவுதான். ஏற்கெனவே எனக்கு விற்ற நேரத்தை இரண்டாவது முறை விற்பதற்கு யார் அனுமதி கொடுத்தது? அதோடு, வரிசை எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அந்தப் பட்டை விற்கும். வரிசை சின்னதானால் யார் வாங்குவார்கள்? வரிசையைக் குறைக்க அவர்களுக்கு ஏன் மனசு வரும்?

"அவங்க மட்டும் ஏம்மா நேரா போறாங்க?" என்று பையன் கேட்டான். "அவங்க அதிகமா காசு கட்டியிருக்காங்க." "அப்போ நாம கட்டலயா?" இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள்.

பட்டை வாங்கியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள், வெளியூரிலிருந்து ஒரே ஒரு நாளைக்கு வந்தவர்கள், வேறு என்ன செய்வார்கள். அமெரிக்காவில் டிஸ்னி பூங்காவில் 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இலவசம். ஒரு ரைடுக்கு நேரம் குறித்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, அந்த நேரம் வரை வேறு எங்காவது சுற்றிவிட்டு வரலாம். அருமையான ஏற்பாடு. 2021இல் அதை மூடிவிட்டுக் காசுக்கு விற்கத் தொடங்கினார்கள். நம்மவர்கள் அந்த இலவசக் கட்டத்தைத் தாண்டிக் குதித்து நேராகக் காசுக்கே வந்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் வேர் இந்த 'ஒரே டிக்கெட், எல்லா ரைடும்' முறைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. தீவுத்திடல் பொருட்காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போக ஒரு சிறு கட்டணம், ராட்டினத்துக்குத் தனிச் சீட்டு. வரிசை நீளமாக இருந்தால் ஏறாமல் டெல்லி அப்பளம் வாங்கிக்கொண்டு அடுத்த பக்கம் போய்விடலாம், காசு நம் பையிலேயே இருக்கும். ராட்டினக்காரர் காசு பார்க்கவேண்டுமானால் சுற்று ஓடவேண்டும், வரிசை நகரவேண்டும். 1955இல் திறந்த டிஸ்னிலாண்டிலேயே 1982 வரைக்கும் ரைடுகளுக்குத் தனித்தனிச் சீட்டு, சீட்டுப் புத்தகம் என்றுதான் இருந்தது. மொத்தப் பணத்தையும் வாசலிலேயே வாங்கிவிட்டால், நான் பதினைந்து ரைடு ஏறினாலும் இரண்டு ஏறினாலும் முதலாளிக்கு ஒன்றுதான். இரண்டு ஏறினால் கரண்ட் பில் குறையும்.

வரிசையில் நிற்கும் நம் ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்னால் ஒரே ஒரு அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வாசல் கதவு திறக்கும் நேரம் பார்த்து அவருடைய குடும்பம் வந்தது. மச்சான், மச்சானின் மனைவி, மச்சானின் ஆபீஸ் நண்பர்கள், அவர்கள் பிள்ளைகள். "இடம் புடிச்சு வெச்சிருந்தோம் சிஸ்டர்." பதினோரு பேருக்கா? காவலுக்கு நின்ற பையன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். அவனைத் திட்ட மனம் வரவில்லை. பத்தொன்பது வயது இருக்கும், காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறான், தமிழும் சரியாக வரவில்லை, வருகிறவர்கள் எல்லாம் அவன் மீதுதான் கத்துகிறார்கள். ரைடு நடுவில் நின்றபோதும் அவன்தான் திட்டு வாங்கினான். பழுது என்று சந்தேகம் வந்தால் நிறுத்தத்தான் வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் 40 நிமிடம் நின்றவர்களை "அடுத்த ரைடுக்குப் போங்க" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி சொல்லி அனுப்பினால்? அங்கே போய் மறுபடியும் வாலில் நிற்கவேண்டும்.

அப்புறம் மழை. டிசம்பர் என்றால் சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழை முழுசாக விலகாத மாதம். 2011இல் தானே புயல் கரையைக் கடந்ததே டிசம்பர் 30ஆம் தேதி. மதியம் தூறல் ஆரம்பித்தது, உயரமான ரைடுகளை நிறுத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. இன்னொரு நாள் வர ஒரு சீட்டு தரலாமே, கொஞ்சம் பணமாவது திருப்பலாமே? டிக்கெட்டின் அடியில் எறும்பு எழுத்தில் பதில் இருந்தது: இயற்கைக் காரணங்களால் நிறுத்தப்படும் ரைடுகளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது. விலையை ஏற்ற மட்டும் டிசம்பர் மாதம் தெரிகிறது, மழை வரும் மாதம் என்பது தெரியவில்லை.

மிச்சம் இருந்தது தண்ணீர்ச் சறுக்குகள். அங்கே பருத்தித் துணி கூடாது, சுடிதார் கூடாது, நைலான் உடைதான் வேண்டும். சரியான விதிதான், துப்பட்டா சிக்கினால் ஆபத்து. ஆனால் அதை டிக்கெட் எடுக்கும் பக்கத்தில் பெரிதாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னால் உள்ளே இருக்கும் நைலான் கடைக்கு வியாபாரம் எப்படி ஆகும். உடைக்கு ஒரு விலை, லாக்கருக்கு வாடகை, அதற்கு மேல் முன்பணம், அந்த முன்பணத்தைத் திரும்ப வாங்க சாயங்காலம் ஒரு வரிசை. மார்கழி மேகமூட்டத்தில் ஈர நைலானோடு படிக்கட்டில் அரை மணி நேரம் காற்றில் நிற்கிறோம். பெண்ணுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. சறுக்கி விழுந்தது எட்டு விநாடி. பெண்கள் உடை மாற்றும் அறையைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவின் தரம் போய்விடும்.

இதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 2017இல் 28 சதவீதமாக இருந்தது, 2018 ஜனவரியில் குறைத்தார்கள், நல்லது. ஆக நின்ற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரசுக்கும் ஒரு பங்கு கட்டியிருக்கிறோம்.

ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. ரைடுகள் தாங்கும் அளவுக்கு ஒரு எண் வைத்து, அதைத் தொட்டதும் அன்றைய டிக்கெட்டை நிறுத்துங்கள். திருப்பதியில் தரிசனத்துக்கே நேரம் குறித்து டோக்கன் கொடுக்கிறார்கள், உங்கள் ராட்டினத்துக்கு முடியாதா? எந்த ரைடுக்கு எவ்வளவு காத்திருப்பு என்று டிக்கெட் கவுண்டருக்கு வெளியே, காசு கொடுப்பதற்கு முன்னால், ஒரு பலகையில் போடுங்கள். ரைடு ஏறாத பாட்டி தாத்தாவுக்கு நுழைவுக் கட்டணம் மட்டும் வாங்குங்கள். ஃபாஸ்ட் டிராக் விற்றே ஆகவேண்டுமென்றால் அதனால் என் வரிசை எத்தனை நிமிடம் நீளும் என்பதையும் அந்தப் பலகையிலேயே எழுதுங்கள், தைரியம் இருந்தால்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குத் தலை துவட்டிக்கொண்டிருக்கும்போதே குறுஞ்செய்தி வந்துவிட்டது. உங்கள் அனுபவத்தை மதிப்பிடுங்கள், வருடாந்திர பாஸ் வாங்கினால் தள்ளுபடி. ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுக் காரணத்தை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். 'உங்களுக்கு மிகவும் பிடித்த ரைடு எது' என்பதைத் தேர்வு செய்யாமல் அந்தப் படிவம் நகரமாட்டேன் என்றது. மழலை ரயில் என்று போட்டேன். கருத்து எழுத 250 எழுத்துக்குத்தான் இடம் கொடுத்திருந்தார்கள். அங்கே எழுத முடியாமல் போனதுதான் இவ்வளவும்.