ஓட்டுநரில்லா கார் டயாலிசிஸ் நோயாளியை எங்கே இறக்கிவிடும்?

அமெரிக்காவில் ஓட்டுநரில்லா டாக்சிகள் ஓடத் தொடங்கியதிலிருந்து மருத்துவமனை நிர்வாகங்களிடமும் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒரு கணக்கு விற்கப்படுகிறது. நோயாளியை ஏற்றி இறக்கும் செலவில் பெரும்பங்கு ஓட்டுநர் சம்பளம், ஓட்டுநரை எடுத்துவிட்டால் செலவு சரிந்துவிடும் என்பதே அந்தக் கணக்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மருத்துவப் போக்குவரத்தில் ஓட்டுநர் பார்க்கும் வேலையில் பாதிதான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் நடக்கிறது. மீதிப் பாதி வண்டிக்கு வெளியே, வாசற்படியிலும் நடைபாதையிலும் நடக்கிறது. அதை இனி யார் பார்ப்பார் என்று எழுதாத திட்டம் கடைசியில் நோயாளியின் தலையில்தான் விடியும்.

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெயிட், சிகிச்சைக்குப் போய்வர வேறு வழியில்லாதவர்களுக்கு வாகன வசதியும் செய்துதர வேண்டும். நெடுங்காலம் விதியாக மட்டும் இருந்த இதை 2020 டிசம்பரில் சட்டத்திலேயே எழுதினார்கள். பல மாநிலங்களில் இடைத்தரகு நிறுவனங்கள்தான் இந்தச் சவாரிகளை வாங்கி, சிறிய வேன், டாக்சி நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் பிரிவினை ஒன்று உண்டு. நடைபாதை ஓரத்திலிருந்து ஓரம் வரை, வாசலிலிருந்து வாசல் வரை, வாசலைத் தாண்டி உள்ளே சிகிச்சை நாற்காலி வரை என்று சேவை மூன்று வகை. ஓட்டுநரில்லா கார் இன்றைக்குச் செய்யக்கூடியது முதல் வகை மட்டும்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சவாரி தவறினால் உயிருக்கே ஆபத்தாகும் இடம் அது. வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம். ஒருவர் திங்கள்-புதன்-வெள்ளி வரிசையில் இருப்பார், இல்லையென்றால் செவ்வாய்-வியாழன்-சனி. இரண்டிலும் வாரத்தில் ஒருமுறை நீண்ட இடைவெளி விழும். அந்த இடைவெளியில் உடலில் நீரும் பொட்டாசியமும் ஏறியிருக்கும். அதற்கு அடுத்த நாளான திங்களிலோ செவ்வாயிலோ வண்டி வராமல் போவதும் புதன்கிழமை வராமல் போவதும் ஒன்றல்ல. போக்குவரத்து ஒப்பந்தம் இரண்டையும் 'ஒரு தவறிய சவாரி' என்று ஒரே எண்ணில் அடைத்தால், அது எழுதியவரின் அறியாமை.

தாமதமும் சிறிய விஷயம் இல்லை. நோயாளி 40 நிமிடம் பிந்தி வந்தால், அதே நாற்காலியில் அடுத்த சிப்ட்டுக்கு ஆள் காத்திருப்பார். அதனால் பல நேரம் இவருடைய சிகிச்சை நேரத்தை வெட்டுவார்கள். எடுக்க வேண்டிய நீரோ அதே அளவு. குறைந்த நேரத்தில் வேகமாக நீரை இழுத்தால் இரத்த அழுத்தம் சரியும், கால் சதை பிடித்துக்கொள்ளும்.

இப்போது திரும்பும் சவாரியைப் பாருங்கள், விஷயமே இங்கேதான் இருக்கிறது. சிகிச்சை முடிந்து ஊசிகளை எடுத்ததும் கையில் அந்த இடத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலருக்கு 10 நிமிடத்தில் நிற்கும், சிலருக்கு இழுக்கும். ஆகவே புறப்படும் நேரம் முன்கூட்டித் தெரியாது. ரோபோடாக்சி வந்து சில நிமிடம் காத்திருக்கும், ஆள் ஏறவில்லையென்றால் போய்விடும். பழகிய வேன் ஓட்டுநர் உள்ளே எட்டிப் பார்த்து, 'இன்னும் கட்டுப் போடுகிறார்கள்' என்று நிற்பார். எழுந்து நிற்கும்போது தலை சுற்றும் நோயாளியின் முழங்கையைப் பிடிப்பவரும் அவர்தான். கார் தனக்குப் பாதுகாப்பான இடத்தில்தான் நிற்கும். அது எதிர்ச்சாரியாகவோ ஐம்பது அடி தள்ளியோ இருக்கலாம். பீனிக்ஸ் நகரில் 2023 ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாட்கள் பகலின் உச்ச வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை. அந்த வெயிலில் இரத்த அழுத்தம் விழுந்த ஒரு மனிதர் ஐம்பது அடி நடப்பதைத் திட்ட அறிக்கையில் எந்த வரியில் போடுவது? பயணத்தின் நடுவில் கையில் கட்டு நனைந்து இரத்தம் கசியத் தொடங்கினால், ஃபிஸ்டுலாவிலிருந்து (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) சில நிமிடங்களிலேயே ஆபத்தான அளவு இரத்தம் போய்விடும். உதவிப் பொத்தானை அழுத்தும் நிலையில் அவர் இருப்பாரா என்பதும் கேள்வி.

சக்கர நாற்காலி விஷயம் இதைவிடக் கடினம். அமெரிக்க விதிப்படி வண்டிக்குள் நாற்காலிக்கு 30-க்கு 48 அங்குல இடம் வேண்டும், ஏற்றும் லிஃப்ட் 600 பவுண்டு தாங்க வேண்டும். உள்ளே போனதும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று நான்கு பட்டைகளால் நாற்காலியின் சட்டத்தைக் கட்ட வேண்டும். சக்கரத்திலோ கழற்றக்கூடிய கால்பலகையிலோ கொக்கியை மாட்டினால் மோதலில் பிய்ந்துவிடும். அதற்குப் பிறகு ஆளுக்கென்று தனியாக இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும். இடுப்புப் பட்டையைக் கைப்பிடிக்கு மேலாக விட்டால் அது இடுப்பெலும்பில் படியாமல் வயிற்றில் ஏறும். இதையெல்லாம் குனிந்து செய்ய இன்று ஒரு மனிதர் வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் க்ரூஸ் நிறுவனம் 2023 செப்டம்பரில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய ஓட்டுநரில்லா 'ஆரிஜின்' வண்டியைக் காட்டியபோது மாற்றுத்திறனாளிகளிடம் உண்மையான எதிர்பார்ப்பு எழுந்தது. 2024 ஜூலையில் ஆரிஜின் திட்டம் நிறுத்தப்பட்டது, அதே ஆண்டு டிசம்பரில் ரோபோடாக்சித் தொழிலையே ஜெனரல் மோட்டார்ஸ் கைவிட்டது. சாய்தள வண்டி வேண்டும் என்று, கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த ரோபோடாக்சி நிறுவனமான வேமோவின் செயலியில் கேட்பவர்களுக்கு மனிதர் ஓட்டும் வண்டியைத்தான் அனுப்பி வந்திருக்கிறார்கள்.

அப்படியானால் பயனே இல்லையா? இருக்கிறது, ஆனால் விற்பனைத் தாளில் சொல்லும் இடத்தில் இல்லை. பல டயாலிசிஸ் மையங்களில் முதல் சிப்ட் விடிகாலை 5 அல்லது 6 மணிக்கு. மனித ஓட்டுநர் கிடைக்கச் சிரமமான நேரம் அது, ரோபோடாக்சிகளோ சும்மா நிற்கும் நேரம். தானாக நடக்கக்கூடிய நோயாளி வீட்டிலிருந்து மையத்துக்கு வரும் சவாரிக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். போகும் சவாரியை இயந்திரத்துக்கும் திரும்பும் சவாரியை மனிதருக்கும் என்று பிரித்து வாங்குவதே புத்திசாலித்தனம். இடைத்தரகு நிறுவனங்களோ இரண்டையும் ஒரே சேவையாக, ஒரே விலையில் வாங்கப் பழகியவை.

ஆளே ஏறாத சுமைதான் இன்னும் எளிது. 2020 மார்ச் இறுதியில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் உள்ள மேயோ கிளினிக், நவ்யா நிறுவனத்தின் நான்கு ஓட்டுநரில்லா ஷட்டில்களில் கொரோனா பரிசோதனை மாதிரிகளைத் தன் வளாகத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்பியது. மாதிரிகளைப் பாதுகாப்பான பெட்டியில் ஏற்றியது ஊழியர்கள்தான். வழி பாதசாரிகளும் பிற வண்டிகளும் வராதபடி ஒதுக்கப்பட்டிருந்தது. குறுகிய வழி, தெரிந்த இரு முனைகள், இரு முனையிலும் ஆள் என்பதால்தான் அது சாத்தியமானது. இதில் இன்னொரு பாடமும் உண்டு. அந்த நவ்யா 2023 தொடக்கத்தில் நீதிமன்ற மீட்பு நடைமுறைக்குப் போய் வேறு கைக்கு மாறியது. ஃபோர்டும் வோக்ஸ்வேகனும் பணம் போட்ட ஓட்டுநரில்லா கார் நிறுவனமான ஆர்கோ 2022 அக்டோபரில் மூடப்பட்டது. ஒரே நிறுவனத்தை நம்பித் தன் வேன்களை விற்றுவிடும் மருத்துவமனை, அந்த நிறுவனம் மூடும் நாளில் நோயாளிகளோடு தெருவில் நிற்கும்.

நிறுவனம் மூடக்கூட வேண்டாம், மின்சாரம் போனாலே போதும். 2025 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய மின்தடை வந்தபோது சிக்னல்கள் அணைந்த சந்திப்புகளில் வேமோ கார்கள் நின்றுபோயின, சேவையைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். நகரம் முழுவதும் ஒரே மென்பொருள் ஓட்டினால் கோளாறும் ஒரே நேரத்தில் எல்லா வண்டிக்கும் வரும். இருபது வேன் ஓட்டுநர்களில் இருவருக்குக் காய்ச்சல் வந்தால் பதினெட்டுப் பேர் மிச்சம் இருப்பார்கள்.

விபத்துக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், மருத்துவமனைகளின் நீண்டகாலத் திட்டம் இதோடு சேர்ந்தது. வேமோவின் சொந்த ஆய்வாளர்கள் 5.67 கோடி மைல் ஓட்டத்தை வைத்து, பாதசாரிகள் காயமடையும் விபத்து மனித ஓட்டுநர்களோடு ஒப்பிட 92 சதவீதம் குறைவு என்று காட்டியிருக்கிறார்கள். காயங்களைப் பொறுத்தவரை இது வலுவான சான்று என்றே நினைக்கிறேன். மரணங்களைப் பற்றி இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2023-இல் 10 கோடி மைலுக்கு 1.26 மரணம். அந்த விகிதத்தில் 5.67 கோடி மைல் என்பது மனிதர் ஓட்டினாலும் ஒரு மரணம்கூட நிகழாமல் போகக்கூடிய தூரம்.

விபத்து குறைந்தால் விபத்துச் சிகிச்சை மையங்களைச் சுருக்கலாம் என்று வாதிடுவோருக்கு: இப்போதே அங்கே முதன்மையாக வருவது கார் மோதியவர்கள் இல்லை, கீழே விழுந்தவர்கள், அவர்களில் முதியவர்கள் ஏராளம். இரவு முழுக்க அறுவை மருத்துவரும் இரத்த வங்கியும் தயாராக இருப்பதற்கான செலவு, ஒருவர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் அதேதான்.

இந்த எண்களை அப்படியே இந்தியாவுக்குப் பொருத்துவதும் கூடாது. இங்கே 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ரோபோடாக்சி அவர்களை இடிக்காமல் போகலாம், அவர்களுடைய பைக்கை ஓட்டாது.

இதை வாங்கும் இடத்தில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது கடினமில்லை. முதல் ஆறு மாதம் கட்டடங்களுக்கு இடையே மாதிரி, மருந்து, துணி மட்டும். பிறகு தானாக நடக்கக்கூடியவர்களின் காலைச் சவாரி, மையத்தின் வாசலில் சம்பளத்துக்கு ஓர் உதவியாளருடன். அளக்க வேண்டியவை மூன்று: திட்டமிட்ட நேரத்துக்கும் நாற்காலியில் அமர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளி, கார் நின்ற இடத்திலிருந்து வாசல் வரை அடிக்கணக்கு, திங்களும் செவ்வாயும் தவறிய சவாரிகள் தனியாக. உட்புறக் கேமரா பதிவு யாரிடம், எத்தனை நாள் இருக்கும் என்பது எழுத்தில் வர வேண்டும், டயாலிசிஸ் மையத்துக்குப் போகிறார் என்பதே ஒருவரின் மருத்துவத் தகவல். மாற்று வண்டி எத்தனை நிமிடத்தில் வரும், அதை யார் தொலைபேசியில் அழைப்பார் என்பதும் எழுத்தில் வேண்டும். வேன் ஓட்டுநர்களை வேலையிலிருந்து நீக்காமல் திரும்பும் சவாரிக்கும் வாசல் உதவிக்கும் மாற்றுங்கள். எந்த நோயாளிக்கு எந்தக் கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, யாரை எந்தப் பக்கம் பிடித்து எழுப்ப வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.