செய்தவரை விட்டுவிட்ட வாக்கியம்

என் பள்ளித் தோழன் கொடுத்த அந்த வீடியோ நேர்காணலை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரியும். நான்கு நாள்களில் எனக்கே ஏழு பேர் அனுப்பியிருக்கிறார்கள். "உங்கள் ஊர்க்காரர்தானே, உங்களோடு படித்தவர்தானே" என்று கேட்டவர்களும் உண்டு. ஆமாம், என்னோடு படித்தவன்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவன் வளர்ச்சியில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. பதினான்காவது நிமிடம் வரைக்கும் அந்த மகிழ்ச்சியோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் சொல்கிறான்: "எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆளே கிடையாது. எல்லாம் நானாகக் கற்றுக்கொண்டதுதான்."

ஆள் இருந்தார். இந்த இரண்டு சொல்லைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் ஆங்கில டீச்சர் சாத்தூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். எட்டு மணிக்கெல்லாம் எங்கள் ஊர் விலக்கில் இறங்கி நடந்து வந்துகொண்டிருப்பார். பள்ளி மணி அடிப்பது ஒன்பதரைக்கு. அடுத்த பஸ்ஸில் வந்தாலும் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடலாம், மற்ற ஆசிரியர்கள் அதில்தான் வந்தார்கள். இவர் முன்னதாக வந்து வேப்பமரத்தடியில் எங்களை உட்கார வைத்து ஒரு மணி நேரம் ஆங்கிலம் நடத்துவார். எங்கள் அம்மாக்களில் பலர் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிறவர்கள். விடிந்தும் விடியாமலும் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். அதன் பிறகு நாங்கள் தம்பி தங்கைகளோடு தெருவில்தான் கிடப்போம் என்று அவருக்குத் தெரியும். அவர்களையும் கூட்டி வரச் சொன்னார். எங்களுக்கு மூன்றாம் வகுப்பில்தான் ஏ பி சி டி. என் தங்கை அதற்கு முன்பே அந்த மரத்தடி மண்ணில் விரலால் எழுதிப் பழகிவிட்டாள்.

ஆள் இருந்தார் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஆறாம் வகுப்பில் யாராவது "இஸ்கூல்" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். டீச்சர் சிரிக்க மாட்டார். "தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. உன் நாக்கு இலக்கணப்படி நடக்கிறது, அதனால்தான் முன்னால் ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொள்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல், போதும்" என்பார். தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஒரு பிள்ளைக்கு அந்தச் சொற்கள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நின்றது நான் இல்லை. நேர்காணலில் பேசியவன்தான்.

செயப்பாட்டுவினை நடத்திய நாளும் நினைவிருக்கிறது. "தீப்பெட்டி ஒட்டப்பட்டது" என்று எழுதிவிட்டு, வாக்கியம் சரிதானா என்று கேட்டார். சரி என்றோம். ஒட்டியது யார் என்று கேட்டார். யாரும் பேசவில்லை. "உங்கள் அம்மா. ஆங்கிலத்தில் 'பை' (by) என்று போட்டு அவரையும் எழுதுங்கள்" என்றார். செய்தவர் யாரென்று தெரியாவிட்டால் விட்டுவிடலாம், எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் விட்டுவிடலாம் என்று விதியையும் சொன்னார். தெரிந்திருந்தும் மறைக்கிறவர்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எங்களில் அப்படி ஒருவன் வருவான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

நான் இன்று நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளன். "தாக்கப்பட்டார்" என்று ஒரு வரி வந்தால் யாரால் என்று கண் தானாகத் தேடும். அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தவரைத்தான் "கிடையாது" என்று ஒருவன் சொல்கிறான், லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

இனி, அவன் சொன்னதை மறுத்து நேற்று நான் போட்ட இரண்டு வரிப் பதிவுக்கு வந்த பதில்கள்.

பேட்டியை வெட்டி ஒட்டியிருப்பார்கள் என்கிறார் ஒருவர். வெட்டினால் இருக்கிற சொல் குறையும், இல்லாத சொல் எப்படி முளைக்கும்? அவ்வளவுதான் அதற்குப் பதில்.

அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் அப்படித்தானே இருக்கிறது, அவர் பொதுவான நிலையைச் சொல்கிறார் என்கிறார் இன்னொருவர். குறை இருக்கிறது, யார் மறுத்தார்கள்? எங்கள் பள்ளியிலேயே கணக்குக்கு ஆசிரியர் இல்லாமல் ஒன்றரை ஆண்டு ஓடியது. கணக்குக்கு ஆள் இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் முதல் கைதட்டல் என்னுடையதாக இருந்திருக்கும். 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் தொடங்கியபோது, இதை நடத்த ஆள் எங்கே என்று இதே பக்கத்தில் கேட்டவன் நான். ஆள் இல்லாத இடத்தில் இல்லை என்று சொல்வது நியாயம். இருந்தவரை இல்லை என்று சொன்னால், நாளை ஏதோ ஓர் ஊரில் முதல் பஸ்ஸில் போய் இறங்கப்போகிற இன்னோர் ஆசிரியரையும் சேர்த்துத்தான் அழிக்கிறோம்.

என்னை மிகவும் தைத்தது மூன்றாவது பதில். "சம்பளம் வாங்கினார், பாடம் நடத்தினார். இதில் நன்றி எதற்கு?"

சம்பளம் ஒன்பதரை மணிக்குத் தொடங்கும் வேலைக்கு. எட்டு மணிக்குத் தொடங்கிய வேலைக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்? எங்கள் பேனாவில் நிப் உடைந்தால் அடுத்த நாள் டீச்சர் கைப்பையில் நிப் இருக்கும். (சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புக்குப் பெயர் பெற்ற ஊர், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.) ஆண்டுத் தேர்வு முடிகிற நாளில் ஆளுக்கோர் அஞ்சலட்டை கொடுப்பார். தன் வீட்டு விலாசத்தை அவரே எழுதியிருப்பார். விடுமுறையில் என்ன செய்தோம் என்று ஆங்கிலத்தில் எழுதிப் போட வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் சிவப்பு மையில் திருத்தி அவரவர் கையில் தருவார். என் முதல் அட்டையில் ஒன்பது வரி, இருபத்தொரு சிவப்பு வட்டம். அடியில் தமிழில் எழுதியிருந்தார்: "ஒன்பது வரி எழுதிவிட்டாய்." திட்டு விழும் என்று நடுங்கிக்கொண்டிருந்த நான் அதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அந்த அட்டை இப்போது என் மேசை மேல் இருக்கிறது.

வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். எங்கள் கடைசி ஆண்டில் அட்டை 50 காசு. இருபத்தொன்றரை ரூபாய். இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல எனக்குக் கூசுகிறது. சம்பளம் என்று நீங்கள் ஆரம்பித்ததால் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாங்கள் படித்த கடைசி இரண்டு ஆண்டுகளில் அப்துல் கலாம் குடியரசுத் தலைவர். நாட்டின் முதல் குடிமகன், ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளியில் தனக்குப் பறவை எப்படிப் பறக்கிறது என்று கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டிய சிவசுப்பிரமணிய ஐயரின் பெயரைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்கு அந்தப் பெயர் மனப்பாடம். பெயரைச் சொன்னதால் கலாமின் உழைப்பில் ஒரு துளியாவது குறைந்து போனதா?

நன்னூலில் நல்லாசிரியர் இலக்கணம் சொன்ன பவணந்தி முனிவர், ஆசிரியர் ஆகத் தகாதவர்களுக்கும் உவமை சொல்லியிருக்கிறார். அதில் ஒன்று முடத்தெங்கு. ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்க்க, வளைந்து போய் அடுத்த வீட்டு முற்றத்தில் காய் உதிர்க்கும் தென்னை. அவர் அதை ஆசிரியருக்குச் சொன்னார். மாணவர்களுக்கும் அவர் சூத்திரம் எழுதியிருக்கிறார், அந்த உவமையை அங்கேயும் வைத்திருக்கலாம் என்றுதான் இந்த நான்கு நாள்களாகத் தோன்றுகிறது.

பொறாமை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். வரும் என்று எதிர்பார்த்தேன். பத்தாம் வகுப்பு முடிந்ததும் அவன் அப்பா ஆடுகளை விற்று அவனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். என் அப்பாவிடம் விற்க ஆடு இல்லை. அவன் பெட்டியோடு பஸ் ஏறிய நாளில் எனக்கு ஏக்கம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் இருபது ஆண்டுகளில் அவனைப் பற்றி ஒரு குறைச்சொல் நான் எங்கேயாவது எழுதியதாக யாராவது காட்டுங்கள். அவன் வேலையைப் பற்றி, வீட்டைப் பற்றி, எதைப் பற்றியாவது? இந்த ஒன்றைத் தவிர எனக்கு அவனிடம் கேட்க எதுவும் இல்லை. நாமக்கல்லில் அவன் இரவு பகலாகப் படித்திருப்பான், அதன் பிறகு சென்னையில் தடுமாறித் தடுமாறிப் பேசிப் பழகியிருப்பான். அந்தக் கஷ்டம் முழுக்க அவனுடையது. அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் மட்டும் அவனுடையவை அல்ல. அவற்றில் ஒரு பெண்மணியின் காலைகள் இருக்கின்றன. அவருக்கும் வீட்டில் இரண்டு சிறு பிள்ளைகள் இருந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்குத் தலைவாரிவிட யார் இருந்தார்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. டீச்சர் ஓய்வு பெற்ற அன்று நான் போகவில்லை. நீதிமன்றத்தில் விடுப்பு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவரை நேரில் பார்த்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அவனைக் கேட்க உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் கேட்பேன்.

நேற்று இரவு அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். வீடியோவைப் பார்க்காமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் எண்ணை அழுத்தினேன். பார்த்திருந்தார். மூன்று முறை.

"அந்த 'வி' எழுத்தைச் சொல்லும்போது கவனித்தாயா? மேல்பல் கீழுதட்டில் எவ்வளவு சரியாகப் படுகிறது! உங்கள் வகுப்பில் அதற்காக எத்தனை நாள் தொண்டை வற்றக் கத்தியிருப்பேன்" என்றார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. பதினான்காவது நிமிடத்தைப் பற்றி நானாகத்தான் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கேமராவுக்கு முன்னால் பதற்றமாக இருந்திருக்கும்ப்பா. விடு" என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால் முடியவில்லை.

பிறகு அவனுடைய விலாசம் கேட்டார். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த 2004 மே மாதம், கடைசி அட்டையை அவனும் எழுதிப் போட்டிருக்கிறான். ஜூனில் அவன் நாமக்கல் போய்விட்டதால் கையில் கொடுக்க முடியவில்லையாம். திருத்தி வைத்தது இன்னும் அவரிடம் இருக்கிறது. பதினாறு வரியாம், நான்கே தவறுகளாம்.

என்னிடம் அவன் விலாசம் இல்லை. நண்பா, இதை யாராவது உனக்குக் காட்டுவார்கள். டீச்சர் வீடு மாறவில்லை. ஐந்து ஆண்டுகள் அவர் கையால் எழுதிக் கொடுத்த அதே விலாசம்தான்.