இரண்டும் ஒரே பிரிவு, முறியடிக்கும் வழி வேறு
"மாயத்தோற்றத்தைப் பொய்யென்று கண்டுபிடித்தவருக்கு மறைந்திருப்பவரும் தெரிந்துவிடுவார், இரண்டும் ஒரே மந்திரப் பிரிவுதானே" என்று, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு) பற்றிய இந்தக் கட்டுரை சொல்வது சரியாகப் படவில்லை. அந்த விளையாட்டின் 5ஆம் பதிப்பில் இரண்டும் இல்லூஷன் (மாயத்தோற்ற) பிரிவுதான், ஆனால் அதற்காக முறியடிக்கும் வழியும் ஒன்றாகிவிடுமா? பொய்ப் பிம்பம் ஒன்றைக் காட்டும் சைலண்ட் இமேஜ் மந்திரத்தை ஒரு ஆக்‌ஷன் (தன் முறை வரும்போது செய்யும் செயல்) செலவழித்து உற்றுப் பார்த்து, இன்வெஸ்டிகேஷன் (துப்பறியும் திறன்) பகடைச் சோதனையில் ஜெயித்தால் அதன் ஊடே பார்க்கலாம். ஆளை மறைக்கும் இன்விசிபிலிட்டி மந்திரத்தில் அப்படி ஒரு சோதனையே கிடையாது. மறுபக்கமும் அப்படித்தான்: சீ இன்விசிபிலிட்டி மந்திரம் போட்டவர் மறைந்தவரைப் பார்த்துவிடுவார், ஆனால் சைலண்ட் இமேஜ் காட்டும் பொய்ச் சுவரிடம் ஏமாந்து நிற்பார். இரண்டையும் உடைப்பது ட்ரூசைட் எனும் உண்மைப் பார்வை. அப்புறம், ஒரே மந்திரவாதி இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருக்கலாம் என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் எழுதியிருக்கிறார். முடியாது, இரண்டுக்குமே கான்சன்ட்ரேஷன் (விடாத மனக்குவிப்பு) வேண்டும், அதை ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தில்தான் வைக்க முடியும். எங்கள் குழுவில் இதற்கு ஆளைப் பிரித்துக்கொள்வோம்: ஒருத்தி சைலண்ட் இமேஜில் கவச வீரன் ஒருவனை நிறுத்துவாள், அதன்பின் இன்னொருவர் அவளை மறைப்பார். பிம்பத்தை நகர்த்துவது புதிதாக மந்திரம் போடுவது ஆகாது என்பதால் மறைவு கலையாது. முதல் அடி பிம்பத்துக்குள் புகுந்து போனதுமே குட்டு உடைந்துவிடும்தான், ஆனால் அவள் கதவைத் தாண்ட அந்த ஒரு சுற்று பெரும்பாலும் போதும்.